அரச சட்டவாதி பரீட்சைக்குப் புதிதாகப் படிக்கத் தொடங்குகிறவர்களுக்கு

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை, ஹட்டனிலிருந்து வந்து வெள்ளவத்தையில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் ஒரு தங்கச்சி என்னைப் பார்க்கக் கொட்டாஞ்சேனைக்கு வந்தாள். சட்டத்தரணியாகச் சத்தியப்பிரமாணம் செய்து இன்னும் ஒரு வருடம் ஆகவில்லை. கையில் தடித்த சீ.ஆர். கொப்பி ஒன்று. தண்டனைச் சட்டக்கோவையைப் பிரிவு பிரிவாகப் பச்சை, சிவப்பு, நீலப் பேனைகளால் எழுதி வைத்திருந்தாள். "அக்கா, 296 வரைக்கும் பாடமாக்கிட்டேன். மிச்சத்தை முடிக்க எத்தனை நாள் வேணும்?" என்று கேட்டாள்.

நான் பதில் சொல்லவில்லை. ஒரு கொலைச் சம்பவத்தை அரைப் பக்கத்தில் எழுதிக் கொடுத்து, "நீங்கள்தான் அரச சட்டவாதி. யார்மீது, எந்தக் குற்றச்சாட்டு, எந்தச் சாட்சியை வைத்து?" என்று கேட்டேன். முக்கால் மணித்தியாலம் எழுதினாள். பிரிவு இலக்கங்கள் எல்லாம் சரி, தண்டனைகளும் சரி. ஆனால் எந்த அம்சத்தை யாருடைய வாய்மொழியால் எண்பிக்கப் போகிறாள் என்பது மட்டும் எங்கேயும் இல்லை. அன்றைக்கு அவளுக்குச் சொன்னவற்றையும், நேரம் போதாமல் சொல்லாமல் விட்டவற்றையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் வேலையைத் தெரிந்துகொள்ளுங்கள்

அரச சட்டவாதி என்றும் அரச சட்டத்தரணி என்றும் பத்திரிகைகளில் எழுதுவது ஒரே பதவியைத்தான். புதுக்கடையில் உள்ள சட்டமா அதிபர் திணைக்களத்தில் ஆரம்பப் படி அது. அதற்கு மேலே சிரேஷ்ட அரச சட்டவாதி, பிரதி மன்றாடியார் நாயகம், மேலதிக மன்றாடியார் நாயகம், மன்றாடியார் நாயகம், எல்லாவற்றுக்கும் மேலே சட்டமா அதிபர்.

மேல் நீதிமன்றத்தில் எழுந்து நின்று வழக்கு நடத்துவதுதான் வேலை என்று பலர் நினைக்கிறார்கள். அது வேலையின் வெளியே தெரிகிற பக்கம். உள்ளே பெரும்பகுதி நேரம் மேசையில்தான் போகும். பொலிஸ் அனுப்பிய தகவல் புத்தகப் பிரதிகள், சட்ட வைத்திய அதிகாரியின் அறிக்கை, இரசாயனப் பகுப்பாய்வாளர் அறிக்கை எல்லாவற்றையும் வாசித்து, மேல் நீதிமன்றத்துக்குக் குற்றப்பகர்வுப் பத்திரம் (முறையான குற்றச்சாட்டுப் பத்திரம்) அனுப்புவதா, நீதவான் நீதிமன்றத்திலேயே வழக்கை நடத்தச் சொல்வதா, சந்தேகநபரை விடுவிப்பதா என்று பரிந்துரை எழுத வேண்டும். குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 393 ஆம் பிரிவு சட்டமா அதிபருக்குத் தரும் அதிகாரமும் பொலிசுக்கு ஆலோசனை சொல்லும் பொறுப்பும் நடைமுறையில் இந்த மேசையில்தான் பிரயோகமாகின்றன. நீங்கள் எழுதும் ஒரு பக்கத்தால் ஒருவர் வருடக்கணக்கில் எதிரிக்கூண்டில் நிற்கலாம், அல்லது வீட்டுக்குப் போகலாம். பரீட்சையும் இந்த வேலைக்கு ஆள் எடுக்கத்தான் நடக்கிறது. ஆகவே இந்த வேலையைச் செய்து பார்ப்பதுதான் படிப்பு.

திணைக்களத்தில் சிவில் பக்கமும் உண்டு. அரசுக்கு எதிரான எழுத்தாணை (ரிட்) மனுக்கள், அடிப்படை உரிமை மனுக்கள் எல்லாம் அங்கே வரும். குற்றவியல் மட்டும் படித்துவிட்டுப் போகாதீர்கள்.

விளம்பரத்தை வாசிப்பது

வெள்ளிக்கிழமைகளில் வெளிவரும் வர்த்தமானியில் வெற்றிடங்களும் பரீட்சைகளும் வரும் பகுதியைப் பார்ப்பதை வாராந்தப் பழக்கமாக்குங்கள். திணைக்களத்தின் இணையத்தளத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். வயது, சட்டத்தரணியாக இருந்த காலம், தாள்கள், மொழிமூலம், புள்ளி எல்லாவற்றுக்கும் அந்த அறிவித்தல் மட்டுமே ஆதாரம். போன முறை எழுதியவர் சொன்னதை வைத்து விண்ணப்பப் படிவத்தை நிரப்ப வேண்டாம்.

அறிவித்தலை மூன்று தடவை வாசியுங்கள். முதல் தடவை சும்மா. இரண்டாம் தடவை, தகைமை ஒவ்வொன்றுக்கும் எதிரே உங்களிடம் உள்ள ஆவணத்தின் பெயரை எழுதுங்கள். மூன்றாம் தடவை திகதிகளை மட்டும் பாருங்கள். தகைமையை விண்ணப்ப முடிவுத் திகதியில் கணக்கிடுகிறார்களா, வேறு திகதியிலா என்பதில் ஒரு நாள் வித்தியாசமும் ஆளை வெளியே தள்ளிவிடும். பிறப்புச் சான்றிதழ், பட்டச் சான்றிதழ், சட்டத்தரணியாகப் பதிவுசெய்த சான்றிதழ், தேசிய அடையாள அட்டை எல்லாவற்றிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். நம்மவர்களின் பெயர் ஆங்கிலத்தில் ஓரிடத்தில் ஒற்றை எழுத்தோடும் இன்னோரிடத்தில் இரட்டை எழுத்தோடும் இருப்பது சாதாரணம். சத்தியக்கடதாசி முடித்து வைத்துக்கொண்டால் நேர்முகப் பரீட்சையன்று வியர்க்க வேண்டியதில்லை. ஏற்கெனவே அரச சேவையில் இருப்பவர்கள் திணைக்களத் தலைவர் ஊடாக அனுப்ப வேண்டியிருக்கும். அந்தக் கையொப்பத்துக்கு ஒரு கிழமையாவது ஒதுக்குங்கள்.

எந்தச் சட்டங்கள், எந்த வரிசையில்

மூன்று சட்டங்கள் உங்கள் அன்றாடச் சாப்பாடு. 1883 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கத் தண்டனைச் சட்டக்கோவை, 1895 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சான்றுக் கட்டளைச் சட்டம், 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை. நான் சொல்லும் வரிசை வேறு: முதலில் சான்றுச் சட்டம், பிறகு நடவடிக்கைமுறை, கடைசியில் தண்டனைச் சட்டக்கோவை. எல்லோரும் தண்டனைச் சட்டக்கோவையில் தொடங்குகிறார்கள். அதனால் சான்றுச் சட்டத்துக்கு வரும்போது களைத்துப் போகிறார்கள். வழக்குக் கோவையை, அதாவது பொலிஸ் அனுப்பும் அந்த ஆவணக் கட்டை, திறந்தவுடன் எழும் கேள்விகளில் பாதி சான்று பற்றியவை.

இவற்றோடு அரசியலமைப்பின் 13 ஆம் உறுப்புரை: கைது, நியாயமான விசாரணை, குற்றமற்றவர் என்ற ஊகம் மூன்றும் அதில் இருக்கின்றன. அடிப்படை உரிமை மனுவுக்கு 126 ஆம் உறுப்புரை வைக்கும் ஒரு மாத எல்லை. மேன்முறையீட்டு நீதிமன்றத்தின் எழுத்தாணை அதிகாரத்துக்கு 140. 1978 ஆம் ஆண்டின் நீதித்துறைச் சட்டம். 1997 இன் பிணைச் சட்டம். நஞ்சுகள், அபின், அபாயகர ஒளடதங்கள் கட்டளைச் சட்டத்தின் 54அ பிரிவு, 1984 திருத்தத்தோடு: 2 கிராமும் அதற்கு மேலும் தூய ஹெரோயின் என்றால் மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை. நம் நாட்டில் 1976 க்குப் பிறகு மரண தண்டனை நிறைவேற்றப்படவில்லை என்றாலும் தீர்ப்பாக இன்றும் வாசிக்கப்படுகிறது. ஆகவே அந்த 2 கிராம் எப்படி நிறுக்கப்பட்டது, முத்திரை வைத்த பொதி பொலிஸ் நிலையத்திலிருந்து பகுப்பாய்வாளர் கைக்கு யார் யார் ஊடாகப் போனது என்பதை ஒரு கண்ணி விடாமல் சொல்லத் தெரிய வேண்டும்.

பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 16 ஆம் பிரிவைச் சான்றுச் சட்டத்தின் 25 ஆம் பிரிவுக்குப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். சாதாரண வழக்கில் பொலிஸ் அதிகாரியிடம் கொடுத்த குற்ற ஒப்புதல் செல்லாது. 1979 இன் அந்தச் சட்டத்தின் கீழ் உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் கொடுத்தது ஏற்கப்படலாம், அது சுயவிருப்பமானதல்ல என்று எண்பிக்கும் சுமையும் எதிரியின் தலையில் விழும். நம் சமூகத்தில் இந்த ஒரு பிரிவு எத்தனை வீடுகளை உலுக்கியிருக்கிறது என்பது வாசிக்கிற உங்களுக்கே தெரியும். வலியோடு படித்தாலும் முழுதாகப் படியுங்கள். அந்தப் பிரிவு எங்கே நிற்கிறது, எங்கே நிற்கக் கூடாது என்பதை அறிந்த ஒருவர் திணைக்களத்துக்குள் இருப்பது நல்லது என்று நான் மனதார நம்புகிறேன்.

சாட்சிகளுக்கும் பாதிக்கப்பட்டோருக்கும் பாதுகாப்பளிக்கும் 2023 இன் 10 ஆம் இலக்கச் சட்டம், அதே வருடத்தின் 9 ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம், 1994 இன் சித்திரவதைக்கு எதிரான சட்டம் ஆகியவற்றை ஒவ்வொரு மாலையில் ஒன்று என்று முடித்துவிடலாம்.

சட்டங்களின் பிரதிகளை அரசாங்க வெளியீட்டுப் பணியகத்தில் வாங்கலாம், பாராளுமன்றத் தளத்திலும் தரவிறக்கலாம். திருத்தங்களைத் தனியே அச்சிட்டு அந்தந்தப் பிரிவுக்குள் வெட்டி ஒட்டுங்கள். குறிப்பாகப் பாலியல் குற்றங்களில் 1995 இன் திருத்தத்துக்கு முந்திய பழைய பிரதியை வைத்துப் படித்தால் எழுதுவது அத்தனையும் பிழை. 1978 க்குப் பிந்திய சட்டங்களின் கடைசியில், சிங்கள, தமிழ் உரைகளுக்கிடையில் முரண் வந்தால் சிங்கள உரையே மேலோங்கும் என்று ஒரு பிரிவு இருக்கும். அதனால் சந்தேகம் வரும் இடத்தில் தமிழ்ப் பிரதியோடு நின்றுவிட வேண்டாம்.

இந்தியக் காணொளிகள் பற்றி ஓர் எச்சரிக்கை

தமிழில் குற்றவியல் சட்டம் என்று தேடினால் வருவது பெரும்பாலும் தமிழ்நாட்டு வகுப்புகள். விளக்கம் நன்றாக இருக்கும். நானும் கேட்டிருக்கிறேன். ஆனால் அங்கே கொலைக்குத் தண்டனை 302, இங்கே 296. அங்கே பொது எண்ணம் (பலர் ஒரே எண்ணத்தோடு குற்றம் செய்வது) 34, இங்கே 32. அங்கே கொலை முயற்சி 307, இங்கே 300. சான்றுச் சட்டத்தில் மட்டும் எண்கள் ஒன்றாகவே இருந்தன: 25, 27, 32, 114 எல்லாம் இரு பக்கமும் ஒன்றுதான், ஏனென்றால் நம்முடையது 1872 இன் இந்தியச் சட்டத்தைப் பார்த்து எழுதப்பட்டது. அந்த வசதியும் இப்போது போய்விட்டது. 2024 ஜூலை 1 முதல் இந்தியாவில் மூன்று சட்டங்களும் புதிதாக மாறி, எண்களும் மாறிவிட்டன. இன்னொன்று, அங்கே உயர் நீதிமன்றம் என்பது நமக்கு மேல் நீதிமன்றம் போன்ற ஒன்றல்ல. நமக்கு உயர் நீதிமன்றம் என்பது நாட்டின் அதியுயர் நீதிமன்றம். விடைத்தாளில் இந்தச் சொல்லைத் தடுமாறி எழுதினால் திருத்துகிறவர் உங்களை நம்பமாட்டார்.

வழக்குக் கோவையை வாசிக்கப் பழகுவது

இதற்குத்தான் உங்கள் நேரத்தில் பாதியைக் கொடுக்கச் சொல்கிறேன். அந்தத் தங்கச்சிக்கு நான் எழுதிக் கொடுத்த கற்பனைச் சம்பவத்தையே எடுப்போம்.

மருதானையில் ஒரு சாப்பாட்டுக் கடை. இரவு 9 மணி. கடன் காசு பற்றி இருவருக்கிடையில் வாய்த்தர்க்கம். முதலாமவர் இரண்டாமவரை நெஞ்சில் பிடித்துத் தள்ளுகிறார். இரண்டாமவர் கடைக்குள் ஓடி, வெங்காயம் வெட்டும் கத்தியை எடுத்து வந்து முதலாமவரின் வயிற்றில் ஒரே ஒரு தடவை குத்துகிறார். பக்கத்தில் நின்ற நண்பர் "அடி, அடி" என்று கத்தியிருக்கிறார். குத்துப்பட்டவர் தேசிய வைத்தியசாலையில் இரண்டு நாள் இருந்து இறக்கிறார். இறக்குமுன் மனைவியிடம் குத்தியவரின் பெயரைச் சொல்கிறார். கைதான பிறகு சந்தேகநபர் பொலிசிடம், "நான் குத்தின கத்தியைக் கானுக்குள்ள போட்டேன், வந்தால் காட்டுறேன்" என்கிறார். கத்தி கானிலிருந்து எடுக்கப்படுகிறது. கடைப் பையன் ஒருவன் பார்த்ததாகச் சொல்கிறான். பக்கத்துக் கடைக்காரரும் வாக்குமூலம் கொடுத்திருக்கிறார்.

ஒரு தாளை நீளவாக்கில் நாலாக மடியுங்கள். முதல் பத்தியில் குற்றத்தின் அம்சம். இரண்டாவதில் அதை எண்பிக்கும் சாட்சி அல்லது ஆவணம். மூன்றாவதில் அந்தச் சான்று ஏற்கப்படுமா, எந்தப் பிரிவின்படி. நாலாவதில் ஓட்டை.

முதல் அம்சம் மரணம், அதன் காரணம். பிரேத பரிசோதனை அறிக்கை இருக்கிறது. ஓட்டை: இரண்டு நாள் இடைவெளி. காயத்தால் இறந்தாரா, காயத்துக்குப் பின் வந்த தொற்றால் இறந்தாரா? வைத்தியரிடம் கேட்க வேண்டிய கேள்வியை அந்த நாலாம் பத்தியில் எழுதுங்கள்: இந்தக் காயம் இயல்பான போக்கில் மரணம் விளைவிக்கப் போதுமானதா? கொலையை வரையறுக்கும் தண்டனைச் சட்டக்கோவை 294 ஆம் பிரிவின் மூன்றாம் கூறு இந்தக் கேள்வியில்தான் நிற்கிறது.

இரண்டாவது, குத்தியது யார். மனைவி சொல்வதைச் சான்றுச் சட்டத்தின் 32 ஆம் பிரிவின் முதல் உட்பிரிவு உள்ளே விடும். நம் சட்டத்தில், சொன்னவர் தாம் சாகப்போகிறோம் என்று எண்ணியிருக்க வேண்டியதில்லை. ஆங்கிலப் பொதுச் சட்டம் அப்படிக் கேட்கும், நமது கேட்காது. இதை எழுதினால் புள்ளி உண்டு. கூடவே அலிசாந்திரி என்ற சந்திரசேகரவின் வழக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள், இலங்கையிலிருந்து, அன்று நமது இறுதி மேன்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவிக் கவுன்சில் வரை போய் 1937 இல் அறிக்கையிடப்பட்டது. கழுத்து அறுபட்ட ஒரு பெண்ணால் பேச முடியவில்லை. கைச்சாடையாலும், பெயரைச் சொல்லிக் கேட்டபோது தலையை அசைத்தும் யார் என்று காட்டினாள். அந்தத் தலையசைப்பைக் கேள்வியோடு சேர்த்துப் பார்த்து, வாய்மொழிக் கூற்றாக ஏற்கலாம் என்றது பிரிவிக் கவுன்சில்.

மூன்றாவது, கத்தி. "நான் குத்தின கத்தியைக் கானுக்குள்ள போட்டேன்" என்ற வசனத்தைச் சான்றுச் சட்டத்தின் 27 ஆம் பிரிவு முழுதாக உள்ளே விடாது. கண்டுபிடிக்கப்பட்ட விடயத்தோடு நேரே தொடர்புடைய அளவுக்கு மட்டுமே. "நான் குத்தின" என்ற இரண்டு சொல் வெட்டப்படும், கத்தி கானுக்குள் இருக்கிறது என்ற அறிவு மட்டும் மிஞ்சும். தாளில் அந்த வசனத்தை எழுதி, அந்த இரண்டு சொல்லின்மேல் கோடு போட்டுக் காட்டுங்கள். திருத்துகிறவருக்கு அது ஒரு பக்க விளக்கத்தைவிடத் தெளிவாகப் பேசும்.

நாலாவது, மனநிலை. தள்ளியதால் வந்த திடீர்ச் சண்டையா? அப்படியானால் 294 இன் நாலாம் விதிவிலக்கு, 297 இன் கீழ்க் கைமோசக் கொலை. ஆனால் ஆயுதமில்லாத ஒருவருக்கு முன்னால் கடைக்குள் ஓடிக் கத்தி எடுத்து வந்தது தகாத அனுகூலம் எடுத்ததாகாதா? கடைக்கும் சம்பவ இடத்துக்கும் எத்தனை அடி? பொலிஸ் வரைபடத்தில் இருக்கிறதா? விதிவிலக்கை எண்பிக்கும் சுமை சான்றுச் சட்டத்தின் 105 ஆம் பிரிவின்படி எதிரிக்கு, அதுவும் நிகழ்தகவுச் சமநிலையில்தான் என்று 1942 இல் முடிவான ஜேம்ஸ் சந்திரசேகர வழக்கைச் சொல்லி எழுதுங்கள்.

கடைசியாக அந்த நண்பர். அந்தத் தங்கச்சி அவரை 32 ஆம் பிரிவின் கீழ் இரண்டாம் எதிரியாக்கியிருந்தாள். (தண்டனைச் சட்டக்கோவையின் 32 இது, சான்றுச் சட்டத்தின் 32 வேறு. எழுதும்போது எந்தச் சட்டம் என்று ஒவ்வொரு தடவையும் குறியுங்கள்.) "அடி" என்று கத்தியபோது கத்தி வெளியே வந்திருந்ததா? அவர் கண்டாரா? கோவையில் இதற்கு விடை இல்லாவிட்டால் பொது எண்ணத்தை எண்பிக்க வழியில்லை. அவரைச் சாட்சியாக்குவதே சரி என்று துணிந்து எழுதுங்கள். ஒருவரைக் குற்றஞ்சாட்ட வேண்டாம் என்று காரணத்தோடு எழுதும் விடைதான் அரச சட்டவாதியின் விடை. புதிதாக எழுதுகிறவர்கள் இதற்குப் பயப்படுகிறார்கள். எல்லோரையும் உள்ளே போட்டால் பாதுகாப்பு என்று நினைக்கிறார்கள்.

இப்படி வாரத்துக்கு இரண்டு சம்பவம். பத்திரிகையில் வரும் செய்தியை எடுத்து நீங்களே கோவையாக விரித்துக்கொள்ளலாம். மேன்முறையீட்டு நீதிமன்றத் தளத்தில் வரும் தீர்ப்புகள் இன்னும் நல்லவை. முதல் மூன்று பக்கத்தில் சம்பவம் இருக்கும். அங்கே நிறுத்தி, உங்கள் தாளை மடித்து எழுதிவிட்டு, பிறகு மீதியை வாசியுங்கள். நீதியரசர்கள் கண்ட ஓட்டையை நீங்கள் கண்டீர்களா என்று பாருங்கள்.

சிங்களம்

கொழும்பில் இந்த வேலைக்கு வர விரும்பும் தமிழருக்கு இது தட்டிக்கழிக்க முடியாத பாடம். அரசியலமைப்பின் 24 ஆம் உறுப்புரைப்படி, தமிழ் நிர்வாக மொழியாக உள்ள பகுதிகளில் நீதிமன்றம் தமிழில் நடக்கும். மற்ற இடங்களில் சிங்களமே நீதிமன்ற மொழி. பரீட்சையை எந்த மொழியில் எழுதினாலும் நாளைக்கு உங்கள் மேசைக்கு வரும் வாக்குமூலம் பெரும்பாலும் கைகொண்டு எழுதிய சிங்களத்தில் இருக்கும்.

பேச்சுச் சிங்களம் தெரிந்தால் போதாது. "ப்ரகாஷய" வாக்குமூலம், "சைககரு" சந்தேகநபர், "நடு பாண்ட" சான்றுப்பொருள், "அதிசோதனா" குற்றப்பகர்வு என்று ஓர் ஐம்பது சொல்லைக் கொப்பியில் எழுதி வையுங்கள். அதைவிட முக்கியம் வினைச்சொற்கள். பக்கத்துக் கடைக்காரர் "தெக்கா" என்று சொல்லியிருந்தால் அவர் கண்ணால் கண்ட சாட்சி. "ஆரஞ்சி வுணா" என்று சொல்லியிருந்தால் யாரோ சொல்லிக் கேள்விப்பட்டவர். ஒரு சொல்லில் சாட்சி கேள்விச் சான்றாகிவிடும்.

இங்கே தமிழ் தெரிந்தவர்களுக்கு மட்டும் கண்ணில் படுகிற ஒன்றைச் சொல்ல வேண்டும். கடைப் பையன் தமிழில் "குத்தினான்" என்று சொல்கிறான். நம் பேச்சில் கையை முறுக்கிக் குத்துவதும் குத்துத்தான், கத்தியால் குத்துவதும் குத்துத்தான். வாக்குமூலம் எழுதுகிறவர் அதை "கெஹுவா", அடித்தான், என்று சிங்களத்தில் எழுதிவிடுகிறார். இரண்டு மூன்று வருடம் கழித்துப் பையன் கூண்டில் ஏறி, கத்தியால் குத்தியதைக் கண்டேன் என்கிறான். எதிரித் தரப்புச் சட்டத்தரணி எழுந்து, "பொலிசில் நீர் அப்படிச் சொல்லவில்லையே" என்று கேட்டு, அந்த இடத்தை "வி 1" என்று முரண்பாடாக அடையாளமிடுகிறார். பையன் பொய் சொல்லவில்லை. மொழி மாறிய இடத்தில் ஒரு சொல் சரிந்திருக்கிறது. கோவையை முதல் தடவை வாசிக்கும்போதே இதைக் கண்டு, பொலிசுக்கு மேலதிக வாக்குமூலம் எடுக்கச் சொல்லி எழுதும் அரச சட்டவாதி ஒருவர் இருந்தால் அந்த வழக்கு தப்பும். தமிழ்ப் பிள்ளைகள் இந்தப் பதவிக்கு வர வேண்டும் என்று நான் பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

புதுக்கடையில் பின் வாங்கு

நீதிமன்ற அமர்வுகள் பகிரங்கமாக நடக்க வேண்டும் என்பது அரசியலமைப்பின் 106 ஆம் உறுப்புரை. அதைப் பயன்படுத்துங்கள். கிழமையில் ஒரு நாள் மேல் நீதிமன்றத்தில் தொடர் விசாரணை நடக்கும் மன்றமாகப் பார்த்து உட்காருங்கள். தவணை போடும் நாளில் போனால் ஒன்றும் கிடைக்காது. முதல் நாளே பட்டியலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அரச சட்டவாதி முதல் விசாரணையில், அதாவது தம் தரப்புச் சாட்சியிடம் முதலில், கேட்கும் கேள்விகளை அப்படியே எழுதுங்கள். சாட்சியின் வாயில் விடையை வைக்காமல் எப்படிக் கதையை வெளியே எடுக்கிறார், எதிர்த்தரப்பு ஆட்சேபித்தால் எந்தக் கேள்வியை மாற்றிக் கேட்கிறார் என்று பாருங்கள். சான்றுச் சட்டத்தின் 142 ஆம் பிரிவை நூறு தடவை வாசித்தாலும் வராத தெளிவு இதில் வரும். மத்தியானம் வெளியே வந்து, போட்டோக்கொப்பிக் கடைகளுக்குப் பக்கத்தில் ஒரு பிளேன்டீயோடு அன்றைய குறிப்பை முழுமையாக்கிவிடுங்கள். இரவுக்கு வைத்தால் மறந்துபோகும்.

எழுதும் நாள்

நான் முதல் தடவை ஒரு போட்டிப் பரீட்சை எழுதியபோது, எனக்கு நன்றாகத் தெரிந்த முதல் கேள்விக்கே பாதி நேரத்தைக் கொடுத்துவிட்டேன். கடைசிக் கேள்வியில் நாலு வரி மட்டும். புள்ளி வந்த அன்று அம்மாவுக்குச் சொல்ல முடியாமல் மாடிப்படியில் இருந்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது. கேள்விக்கு எத்தனை புள்ளி, அதற்கு எத்தனை நிமிடம் என்று தாளின் ஓரத்தில் முதலிலேயே எழுதுங்கள். வீட்டில் எழுதிப் பழகும்போது மணிக்கூட்டை முன்னால் வைத்து, பேனையாலேயே எழுதுங்கள். கணினியில் தட்டிப் பழகிய கை இரண்டாம் மணித்தியாலத்தில் வலிக்கும்.

விடையின் முதல் வரியில் முடிவைச் சொல்லுங்கள்: யார்மீது, எந்தப் பிரிவின் கீழ். பிறகு அம்சம், சான்று, ஏற்புடைமை, ஓட்டை என்று அந்த நாலு மடிப்பு. பிரிவின் வாசகத்தை முழுதாக எழுதி நேரம் கழிக்க வேண்டாம். வழக்கின் பெயர் ஞாபகம் வராவிட்டால் கோட்பாட்டை எழுதுங்கள். பெயரை ஊகித்து எழுதாதீர்கள். நாளைக்கு நீதிமன்றத்தில் இல்லாத தீர்ப்பை இருப்பதாகச் சொல்கிற ஆள் என்று ஒருவரும் உங்களை நினைக்கக் கூடாது.

நேர்முகம்

உடை, நேரம் எல்லாம் உங்களுக்கே தெரியும். கேள்விகளில் இரண்டுக்கு ஆயத்தமாகப் போங்கள். ஒன்று, சாட்சி பொய் சொல்கிறார் என்று வழக்கு நடுவில் உங்களுக்கே தெரிந்தால் என்ன செய்வீர்கள்? அரச சட்டவாதிக்கு வெற்றி தோல்வி இல்லை என்பதை மனப்பாடமாகச் சொல்லாமல் செய்கையாகச் சொல்லுங்கள்: சிரேஷ்டருக்கு எழுதுவேன், எதிர்த்தரப்புக்குப் பயன்படக்கூடிய சான்றை மறைக்கமாட்டேன், வழக்கைக் கைவிடும் அதிகாரம் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 194 இல் சட்டமா அதிபருக்கு இருக்கிறது, அதற்குக் காரணம் காட்டிப் பரிந்துரைப்பேன். வழக்குத்தொடுநர்களின் பங்கு பற்றி 1990 இல் ஹவானாவில் ஏற்றுக்கொள்ளப்பட்ட ஐ.நா. வழிகாட்டல்களை வாசித்துவிட்டுப் போனால் சொற்கள் தானாக வரும்.

மற்றது, வழக்குத்தொடுநர் அலுவலகத்தைச் சட்டமா அதிபரிடமிருந்து பிரிக்க வேண்டுமா? 1973 இன் 44 ஆம் இலக்க நீதி நிர்வாகச் சட்டம் தனியான பகிரங்க வழக்குத்தொடுநர் பணிப்பாளர் பதவியை உருவாக்கியதும், அது நீடிக்காமல் பொறுப்பு மீண்டும் சட்டமா அதிபரிடம் வந்ததும் தெரிந்திருக்க வேண்டும். எந்தப் பக்கம் பேசினாலும் பரவாயில்லை, அந்த வரலாற்றோடு பேசுங்கள். சட்டமா அதிபரின் தீர்மானத்தை நீதிமன்றம் மீளாய்வு செய்யலாம் என்பதற்கு 1998 இன் விக்டர் ஐவன் வழக்கும் கையில் இருக்கட்டும்.

முடிவு வரும்வரை

மாதக்கணக்கில் காத்திருக்க நேரிடலாம். அந்தக் காலத்தில், சட்டத்தரணி வைக்க வசதியில்லாத எதிரிகளுக்காக மேல் நீதிமன்றம் நியமிக்கும் சட்டத்தரணிகளின் பட்டியலில் உங்கள் பெயரைச் சேர்க்கப் பதிவாளரிடம் கேளுங்கள். சட்ட உதவி ஆணைக்குழுவும் புதுக்கடையில்தான் இருக்கிறது. எதிரியின் பக்கத்திலிருந்து ஒரு குற்றப்பகர்வுப் பத்திரத்தை வாசித்துப் பாருங்கள். எந்த வசனத்தில் அரச தரப்பு சோம்பியிருக்கிறது, எந்தச் சாட்சியை ஏன் கூப்பிடவில்லை என்பது அங்கிருந்துதான் நன்றாகத் தெரியும். அந்தத் தங்கச்சி போன கிழமை முதல் வழக்கை எடுத்துவிட்டாள், ஹெரோயின் வழக்கு. சனிக்கிழமை வரும்போது சீ.ஆர். கொப்பி இல்லை. நாலாக மடித்த தாள் ஒன்று மட்டும் இருந்தது. நாலாம் பத்தியில், பொதியை முத்திரையிட்ட நேரத்துக்கும் சான்றுப்பொருள் புத்தகத்தில் பதிந்த நேரத்துக்கும் இடையில் இரண்டரை மணித்தியாலம் என்று எழுதி, அதன்கீழே இரண்டு கோடு போட்டிருந்தாள்.